கணக்கு வராத விஞ்ஞானி

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஆனால் வகுப்பில் பாடம் புரியாதபோது எத்தனை பேர் வாயைத் திறக்கிறார்கள்? "எல்லோருக்கும் புரிந்ததா?" என்று ஆசிரியர் கேட்டால் மொத்த வகுப்பும் ஆமாம் போடும். கை தூக்கினால் பக்கத்து பெஞ்ச் சிரிக்குமோ, "இதுகூடத் தெரியாமலா இவ்வளவு தூரம் வந்தாய்?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம். கடைசியில் தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரிதான், எதுவுமே புரியவில்லை என்பது புரியும்!

பள்ளிப் படிப்பு அரைகுறை. பேச்சு திருத்தமாக வராது. ஞாபகசக்தி குறைவு. கணக்கு சுத்தமாக வராது. இப்படி ஒருவர் இயற்பியல் ஆராய்ச்சி செய்ய வந்தால் "உனக்கெதற்கப்பா இந்த வேலை?" என்றுதான் கேட்கத் தோன்றும். ஆனால் அப்படிப்பட்ட ஒருவர்தான் மின்மோட்டாருக்கும், ஜெனரேட்டருக்கும், டிரான்ஸ்ஃபார்மருக்கும் அடிப்படை போட்டுக் கொடுத்தவர். அவர் பெயர் மைக்கேல் ஃபாரடே.

உழைப்பால் உயர்ந்தார், விடாமுயற்சியால் வென்றார் என்று எல்லாப் பாடப்புத்தகங்களும் சொல்கின்றன. அது உண்மைதான். ஆனால் அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் இன்னொரு விஷயமும் தெரிகிறது. அவருக்குக் கேட்கத் தெரியும்! தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, தெரிந்தவர் யார் என்று தேடிப்போய்க் கேட்பார். பைண்டிங் கடையில் ஆரம்பித்த அந்தப் பழக்கம் 66 வயதிலும் அவரை விட்டுப் போகவில்லை.

கொல்லர் வீட்டுப் பிள்ளை

1791 செப்டம்பர் 22 அன்று லண்டனுக்குத் தெற்கே நியூயிங்டன் என்ற இடத்தில் ஃபாரடே பிறந்தார். அப்பா ஜேம்ஸ் ஒரு கொல்லர். அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போனதால் பட்டறையில் தொடர்ந்து வேலை செய்ய முடியாது. 1801-ல் விலைவாசி உச்சத்தில் இருந்தபோது மைக்கேலுக்கு ஒரு ரொட்டி கொடுத்து, அதை ஒரு வாரம் வைத்துச் சாப்பிடச் சொல்வார்களாம். அப்போது அவருக்கு வயது ஒன்பது.

பள்ளிக்கூடம் என்று போனது எழுத, படிக்க, கொஞ்சம் கூட்டல் கழித்தல் கற்றுக்கொள்ள மட்டும்தான். அதிலும் ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் 'ர' என்ற ஒலி அவருக்கு வராது, 'வ' என்றுதான் வரும். அண்ணன் ராபர்ட்டை 'வாபர்ட்' என்பார். சொந்தப் பெயரே 'ஃபாவடே' ஆகிவிடும்! இதைத் திருத்த அந்தப் பள்ளி ஆசிரியை கண்டுபிடித்த வழி பிரம்பு. பிரம்பு வாங்கி வரச்சொல்லி அண்ணன் கையிலேயே காசையும் கொடுத்தாராம். ராபர்ட் அந்தக் காசைச் சுவருக்கு அப்பால் வீசிவிட்டு, நேராக வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்ல, அம்மா இரண்டு பேரையும் அந்தப் பள்ளியை விட்டே நிறுத்திவிட்டார். அவரது வாழ்க்கை வரலாறுகளில் வழக்கமாக வரும் கதை இது.

1804-ல் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார் மைக்கேல். வீடு வீடாகச் செய்தித்தாள் போட வேண்டும், பிறகு அதைத் திரும்ப வாங்கி வர வேண்டும். (அன்று செய்தித்தாள் விலை அதிகம். ஒரே தாளைப் பல வீடுகள் வாடகைக்கு வாங்கிப் படிக்கும்!) அடுத்த வருடம் புத்தகம் பைண்டிங் செய்யும் தொழிலுக்கு ஏழு வருட அப்ரண்டிஸாக எடுத்துக்கொண்டார் ரீபோ. தொழில் பழக்க அந்தக் காலத்தில் பெற்றோர் முதலாளிக்குப் பணம் கட்ட வேண்டும். பையனின் நாணயமான வேலையைப் பார்த்து அந்தப் பணத்தை ரீபோ வாங்கவில்லை.

பைண்டிங் வேலைக்கு வரும் புத்தகங்களைத் தைப்பதோடு நிறுத்தாமல் படிக்கவும் ஆரம்பித்தார் ஃபாரடே. பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை, ஜேன் மார்செட் என்ற பெண்மணி உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் புத்தகம் இரண்டும் அவரை மிகவும் ஈர்த்தன. மார்செட் அந்தப் புத்தகத்தை எழுதியதற்கே ஒரு காரணம் உண்டு. விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்குப் போய், முதலில் சரியாகப் புரியாமல், பிறகு ஒரு நண்பரோடு பேசிப் பேசிப் புரிந்துகொண்டவர் அவர். தனக்குப் புரிந்த அதே வழியில் மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று ஓர் ஆசிரியையும் இரண்டு மாணவிகளும் பேசிக்கொள்வதுபோல எழுதினார். சந்தேகம் கேட்பது எப்படி என்பதையும் அந்தப் புத்தகம் சேர்த்தே சொல்லிக்கொடுத்தது எனலாம்.

படித்ததை ஃபாரடே அப்படியே நம்பவில்லை. கையில் இருந்த சில்லறைக்குப் பொருள் வாங்கி, தானே செய்து பார்த்தார். பல வருடங்கள் கழித்துப் பெரிய விஞ்ஞானி ஆன பிறகும், தன் கட்டுரைகளின் பிரதியை மார்செட் அம்மையாருக்கு நன்றியோடு அனுப்பி வைத்தார்.

ஒரு ஷில்லிங் வகுப்பு

1810-ல் லண்டனில் ஜான் டேட்டம் என்பவர் தன் வீட்டிலேயே மாலை நேர அறிவியல் சொற்பொழிவுகள் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு வகுப்புக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். சம்பளம் இல்லாத அப்ரண்டிஸிடம் ஷில்லிங்குக்கு எங்கே போவது? அண்ணன் ராபர்ட்தான் கொடுத்தார். அவரும் அப்பாவைப் போலக் கொல்லர் வேலை செய்தவர்தான்.

வகுப்பில் கேட்டதைக் குறிப்பெடுத்து, வீட்டுக்கு வந்து விரிவாக எழுதி, தானே பைண்டிங் செய்து வைத்தார் ஃபாரடே. கருவிகளை வரைய வேண்டுமே? அவருக்கு வரையத் தெரியாது. ரீபோ வீட்டு மாடியில் பிரான்சிலிருந்து வந்த மாஸ்கரியே என்ற ஓவியர் குடியிருந்தார். அவரிடம் போய்க் கேட்டார். ஓவியரின் அறையைத் துடைத்து, ஷூவுக்குப் பாலீஷ் போட்டுக் கொடுத்து, பதிலுக்கு வரையக் கற்றுக்கொண்டார். கையில் காசு இல்லை, உழைப்பு இருந்தது. அதையே கட்டணமாகக் கொடுத்தார்.

டேட்டம் வகுப்பில் பெஞ்சமின் அபட் என்ற நண்பர் கிடைத்தார். ஃபாரடேயைவிட நன்றாகப் படித்தவர். 1812-லிருந்து இருவரும் நீண்ட கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். இத்தனைக்கும் இருவரும் ஒரே ஊர்தான்! எண்ணங்களை ஒழுங்காக எழுத வரவில்லை, எழுதி எழுதித்தான் அதைச் சரிசெய்ய முடியும் என்று ஃபாரடே நினைத்ததுதான் காரணம். ஐசக் வாட்ஸ் என்பவர் எழுதிய அறிவை வளர்ப்பது பற்றிய புத்தகம் ஒன்று அவருக்கு வழிகாட்டி. குறிப்பேடு வைத்துக்கொள், சொற்பொழிவுக்குப் போ, கடிதம் எழுது, நான்கு பேரோடு விவாதி என்று அதில் இருந்த யோசனைகளை அப்படியே பின்பற்றினார்.

பதில் வராத கடிதமும் பதில் வந்த கடிதமும்

1812-ல் அதிர்ஷ்டம் ஒரு வாடிக்கையாளர் உருவத்தில் வந்தது. கடைக்கு வந்துபோகும் வில்லியம் டான்ஸ் என்பவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃப்ரி டேவி நிகழ்த்தும் நான்கு சொற்பொழிவுகளுக்கு நுழைவுச்சீட்டு வாங்கிக் கொடுத்தார். டேவி அன்று பிரிட்டனின் மிகப் பிரபலமான வேதியியலாளர். சோடியம், பொட்டாசியம் போன்ற தனிமங்களைப் பிரித்தெடுத்தவர். அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் அலைமோதும். ஃபாரடே மேல்மாடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

அறிவியல் சம்பந்தமான வேலை எதுவாக இருந்தாலும் போதும் என்ற ஆசை வந்துவிட்டது. ராயல் சொசைட்டியின் தலைவர் சர் ஜோசப் பேங்க்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். பதில் இல்லை. வாசலில் விசாரித்தபோது கிடைத்த செய்தியும் அதுதான். பதில் எதுவும் கிடையாது!

பலர் இந்த இடத்தோடு நின்றுவிடுவார்கள். 1812 அக்டோபரில் அப்ரண்டிஸ் காலம் முடிந்து, வேறொரு முதலாளியிடம் பைண்டராகச் சேர்ந்தார் ஃபாரடே. அந்த முதலாளி முன்கோபி. இதற்கிடையே டேவிக்கு ஆய்வகத்தில் ஒரு வெடிவிபத்தில் கண்ணில் காயம் பட்டு, சில நாட்கள் எழுதிக் கொடுக்க ஆள் தேவைப்பட்டது. அந்த வேலை ஃபாரடேக்குக் கிடைத்தது. அது முடிந்ததும் மீண்டும் பைண்டிங் கடை.

1812 டிசம்பரில் இன்னொரு கடிதம், இந்த முறை டேவிக்கு. பேங்க்ஸுக்குப் போனது வெறும் கோரிக்கை. டேவிக்குப் போனதோ கடிதத்தோடு ஒரு புத்தகம். அவருடைய நான்கு சொற்பொழிவுகளையும் முந்நூறு பக்கங்களுக்கு மேல் விரித்து எழுதி, படம் வரைந்து, தன் கையால் பைண்டிங் செய்த புத்தகம். என்ன கேட்கிறான் என்பதற்கு முன்னால், என்ன செய்திருக்கிறான் என்பது டேவியின் மேசைமேல் இருந்தது. டிசம்பர் 24 அன்றே டேவி பதில் எழுதினார். ஊரிலிருந்து திரும்பியதும் சந்திக்கலாம் என்றார்.

ஜனவரியில் சந்திப்பு. வியாபாரம் சுயநலம் பிடித்த தொழில், அறிவியல் மனிதர்களை நல்லவர்களாக ஆக்கும் என்று தான் நம்புவதாகக் கடிதத்தில் எழுதியிருந்தார் ஃபாரடே. (வணிகவியல் படிப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்!) டேவி சிரித்துவிட்டார். விஞ்ஞானிகளோடு சில வருடம் பழகினால் அந்த எண்ணம் தானாகச் சரியாகிவிடும் என்றாராம். பைண்டிங் தொழிலையே பார்க்கும்படியும் அறிவுரை சொன்னார். வேலை எதுவும் காலியில்லை.

அடுத்த மாதமே ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஓர் உதவியாளர் அடிதடியில் இறங்கி வேலையை இழந்தார். ஒரு நாள் இரவு ஃபாரடே தூங்கப்போகும் நேரம், வீட்டு வாசலில் டேவியின் வண்டி வந்து நின்றது. 1813 மார்ச் 1 அன்று வேலை உறுதியானது. வாரம் 25 ஷில்லிங் சம்பளம், மாடியில் இரண்டு அறை, கரி, மெழுகுவத்தி இலவசம். சோதனைக் குழாய் கழுவும் வேலைதான். ஆனால் நாட்டின் மிகச் சிறந்த ஆய்வகங்களில் ஒன்றில்!

நாக்கைத் திருத்திய நண்பர்கள்

வேலை கிடைத்துவிட்டால் போதுமா? பேச்சு, இலக்கணம், உச்சரிப்பு எல்லாம் பழைய கதைதான். தன் நண்பர் எட்வர்ட் மக்ராவோடு சேர்ந்து ஒரு சின்னக் குழு அமைத்தார் ஃபாரடே. ஏறக்குறைய ஆறு பேர். மாலையில் அவருடைய மாடி அறையிலோ மக்ராவின் கிடங்கிலோ கூடி, சேர்ந்து படித்து, ஒருவர் உச்சரிப்பை இன்னொருவர் திருத்துவார்கள். குழுவில் கட்டுப்பாடு கடுமை, விமர்சனத்தில் தயவு தாட்சண்யம் கிடையாது, பலன் மிகப் பெரியது என்று பின்னாளில் அவரே குறிப்பிட்டிருக்கிறார். இது பல வருடங்கள் நடந்தது. 1818-ல் பெஞ்சமின் ஸ்மார்ட் என்ற பேச்சுக்கலை ஆசிரியரிடம் காசு கொடுத்தும் படித்தார்.

'ர' வராத அந்தப் பையன் பின்னாளில் லண்டனின் தலைசிறந்த அறிவியல் பேச்சாளர்களில் ஒருவர் ஆனார். ராயல் இன்ஸ்டிடியூஷனில் குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுத் தொடரை 19 முறை நிகழ்த்தினார். அப்போதும் உதவி கேட்பதை விடவில்லை. பேசும்போது வேகம் கூடிவிட்டால், 'மெதுவாக' என்று எழுதிய அட்டையைத் தன் முன்னால் வைக்கும்படி உதவியாளர் ஆண்டர்சனிடம் சொல்லி வைத்திருந்தார்.

ஞாபக மறதிக்கும் அவரே ஒரு வழி செய்துகொண்டார். செய்கிற ஒவ்வொரு சோதனையையும் நாட்குறிப்பில் எழுதி, ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டார். அந்த எண் கடைசியில் 16,041-ல் போய் நின்றது! கணக்குப் பதிவேட்டில் ஒவ்வொரு வரவையும் செலவையும் அன்றன்றே பதிவதுபோலத்தான் இதுவும். மனசை நம்பாமல் ஏட்டை நம்பினார்.

கேட்காமல் விட்ட ஒரு தடவை

1820-ல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்புவதைக் கண்டுபிடித்தார். ஐரோப்பா முழுக்க அதே பேச்சு. வில்லியம் வொல்லஸ்டன் என்ற மூத்த விஞ்ஞானி, மின்சாரம் ஓடும் கம்பியைத் தன்னைத்தானே சுழல வைக்க முடியும் என்று எண்ணி டேவியோடு சேர்ந்து முயன்றார், நடக்கவில்லை. 1821 செப்டம்பரில் ஃபாரடே வேறு விதமாக முயன்று, கம்பி காந்தத்தைச் சுற்றி வரும்படி செய்து காட்டினார். இன்றைய மின்மோட்டாரின் கொள்ளுத்தாத்தா அதுதான்.

இதை வெளியிடும் முன் வொல்லஸ்டனிடம் பேச நினைத்துப் போனார். அவர் ஊரில் இல்லை. ஃபாரடே காத்திருக்கவில்லை. வொல்லஸ்டன் பெயரைக் குறிப்பிடாமலேயே கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. உடனே புரளி கிளம்பியது. பெரியவரின் யோசனையை உதவியாளன் திருடிவிட்டான்! ஃபாரடே நொறுங்கிப்போனார். பிறகு கடிதம் எழுதி, வொல்லஸ்டனைச் சந்தித்து விளக்கினார். அவர் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் கறை எளிதில் போகவில்லை. 1824-ல் ராயல் சொசைட்டி உறுப்பினராக ஃபாரடேயின் பெயர் வந்தபோது எதிர்த்தவர் வேறு யாருமல்ல, அப்போது தலைவராக இருந்த டேவி. விழுந்தது ஒரே ஒரு எதிர்ப்பு ஓட்டு, ஃபாரடே ஜெயித்துவிட்டார். 1813-ல் டேவி சிரித்தது ஏன் என்று அன்று புரிந்திருக்கும்!

உதவி வாங்குவதில் இன்னொரு பாதி உண்டு என்பதை இந்தச் சம்பவம் காட்டுகிறது. யாரிடம் என்ன பெற்றோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு தன் சோதனை நடந்த தேதிகளைப் பதிவு செய்வதில் ஃபாரடே மிகவும் கவனமாக இருந்தார்.

கணக்கு இல்லாமல் இயற்பியல்

பிரான்சில் ஆம்பியர் மின்சாரத்தையும் காந்தத்தையும் உயர்கணிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார். ஃபாரடேக்கு அது புரியவில்லை. 1822-ல் ஆம்பியருக்கே எழுதிய கடிதத்தில் இதை ஒளிவு மறைவில்லாமல் ஒப்புக்கொண்டார். தனக்குக் கணித அறிவு இல்லாதது துரதிர்ஷ்டம், நெருக்கமாக அடுக்கிய உண்மைகளைத் தொட்டுத் தடவித்தான் முன்னே போக வேண்டியிருக்கிறது என்பது அதன் சாரம். உலகப் புகழ்பெற்ற போட்டியாளரிடம் "உங்கள் கணக்கு எனக்குப் புரியவில்லை" என்று எழுத எவ்வளவு தைரியம் வேண்டும்!

தொட்டுத் தடவிப் போனவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று பாருங்கள். 1831 ஆகஸ்ட் 29. ஆறு அங்குல விட்டமுள்ள இரும்பு வளையம். அதன் இரண்டு பக்கமும் தாமிரக் கம்பிச் சுருள்கள். அன்று உறை போட்ட கம்பி கடையில் கிடைக்காது. சுற்றுக்குச் சுற்று நூலும் துணியும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஒரு சுருளை மின்கலத்தோடு இணைத்ததும், மறுபக்கச் சுருளோடு இணைந்திருந்த ஊசி ஒரு கணம் துள்ளி அடங்கியது. இணைப்பைத் துண்டித்தபோது மறுபடி துள்ளியது. நடுவில் ஒன்றுமில்லை. மாற்றம் நடக்கும்போது மட்டும்தான் மின்சாரம் பிறக்கிறது! இதுதான் மின்காந்தத் தூண்டல். இன்று தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் அனல்மின் நிலைய ஜெனரேட்டருக்கும் தத்துவம் இதுவே.

கணிதக் குறியீடு கைகொடுக்காததால் அவர் படமாக யோசித்தார். காந்தத்தின்மேல் தாள் வைத்து இரும்புத்தூளைத் தூவினால் வளைந்து வளைந்து கோடுகள் வரும் அல்லவா? பள்ளியில் எல்லோரும் செய்த சோதனை. அந்தக் கோடுகளை வெறும் அலங்காரமாகப் பார்க்காமல், காந்தத்தைச் சுற்றியுள்ள வெளியிலேயே ஏதோ நடக்கிறது என்று எடுத்துக்கொண்டார். அவைதான் 'விசைக்கோடுகள்'.

பெயர் வைக்க உதவி

வேதியியல் பாடத்தில் வரும் ஆனோடு, கேத்தோடு, அயனி ஆகிய சொற்களுக்குப் பின்னாலும் ஓர் உதவிக் கடிதம் உண்டு. மின்பகுப்பு பற்றிய தன் புதிய கண்டுபிடிப்புகளுக்குப் புதிய பெயர் தேவைப்பட்டது ஃபாரடேக்கு. அக்கால வழக்கப்படி பெயர் கிரேக்க வேரிலிருந்து வர வேண்டும். அவருக்கோ கிரேக்கம் தெரியாது. 1834 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹ்யூவெல்லுக்கு எழுதிக் கேட்டார். தான் என்ன பார்த்தேன், எந்த மாதிரிப் பெயர் வேண்டாம், ஏன் வேண்டாம் என்றெல்லாம் விளக்கினார். ஹ்யூவெல் உடனே ஆனோடு, கேத்தோடு என்ற பெயர்களை அனுப்பினார். அடுத்த கடிதங்களில் அயனி வந்தது. ஆங்கிலத்தில் விஞ்ஞானியைக் குறிக்கும் 'சயன்டிஸ்ட்' என்ற சொல்லை உருவாக்கியவரும் இதே ஹ்யூவெல்தான். கடிதத்தில் கேள்வி அவ்வளவு தெளிவாக இருந்ததால்தான் பதிலும் அவ்வளவு வேகமாக வந்தது.

66 வயதில் ஒரு சந்தேகம்

இனி கடைசிக் காட்சி.

விசைக்கோடுகளைக் கணித வல்லுநர்கள் பலர் மதிக்கவில்லை. துல்லியமான சூத்திரம் கையில் இருக்கும்போது இவ்வளவு தெளிவில்லாத கோடுகளை யாராவது ஏற்பார்களா என்ற பொருளில் 1855-ல் அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏய்ரி எழுதினார். ஃபாரடேக்கு அப்போது 63 வயது. ஞாபகசக்தி மேலும் மோசமாகிக்கொண்டிருந்தது.

அதே சமயத்தில் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்ற இளைஞர், ஃபாரடேயின் விசைக்கோடுகளைக் கணிதமாக மாற்றி ஒரு கட்டுரை எழுதி அவருக்கே அனுப்பினார். 1857 மார்ச்சில் ஃபாரடே எழுதிய பதில் குழந்தைத்தனமான சந்தோஷம் கலந்தது. இவ்வளவு கணிதம் தன் விஷயத்தின்மேல் இறங்குவதைப் பார்த்து முதலில் பயந்துவிட்டதாகவும், அது தாக்குப்பிடித்து நின்றதைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகவும் சொன்னார்.

அதே வருடம் நவம்பர் 13 அன்று இன்னொரு கடிதம். கேட்பவருக்கு வயது 66, ஐரோப்பாவே கொண்டாடும் விஞ்ஞானி. பதில் சொல்ல வேண்டியவருக்கு வயது 26. கேள்வி இதுதான். கணித வல்லுநர் ஒருவர் தன் ஆராய்ச்சியில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், அதைச் சூத்திரத்தில் சொல்வதுபோலவே முழுமையாகவும் தெளிவாகவும் சாதாரண மொழியில் சொல்ல முடியாதா? அந்தச் சித்திர எழுத்துகளிலிருந்து மொழிபெயர்த்துக் கொடுத்தால், எங்களைப் போன்றவர்களும் அதை வைத்துச் சோதனை செய்யலாமே? நீங்கள் எனக்கு விளக்கும்போதெல்லாம் வழிமுறை முழுதாகப் புரியாவிட்டாலும் முடிவு தெளிவாகப் புரிகிறதே, அதனால்தான் கேட்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

இதில் கெஞ்சல் இல்லை, வெட்கமும் இல்லை. எது வேண்டும் (முடிவு), எது வேண்டாம் (வழிமுறை), கிடைத்தால் என்ன செய்வேன் (சோதனை) என்று மூன்றையும் சொல்லிவிட்டார்.

மாக்ஸ்வெல் அந்தப் பாதையிலேயே போய், 1860-களில் ஒளியே ஒரு மின்காந்த அலை என்ற முடிவுக்கு வந்தார். 1873-ல் வெளிவந்த தன் பெரிய நூலின் முன்னுரையில், ஃபாரடேயின் ஆய்வுகளை முழுதாகப் படித்து முடிக்கும்வரை மின்சாரம் பற்றிய கணிதம் எதையும் படிப்பதில்லை என்று முதலில் முடிவு செய்திருந்ததாக எழுதினார். வழக்கமான குறியீடுகள் இல்லாவிட்டாலும் ஃபாரடேயின் சிந்தனை முறையும் கணிதம்தான் என்றும் சொன்னார். அதைப் படிக்க ஃபாரடே இல்லை. 1867 ஆகஸ்ட் 25 அன்று அவர் காலமாகியிருந்தார்.

மின்தேக்குத்திறனின் அலகுக்கு இன்று அவர் பெயர்தான், ஃபாரட். 1991-ல் இங்கிலாந்து வங்கி வெளியிட்ட 20 பவுண்டு நோட்டில் அவர் படம் இருந்தது. ஒரு ஷில்லிங்குக்கு அண்ணனிடம் கை நீட்டிய பையனின் படம்!

இதில் மாணவர்களுக்கு என்ன இருக்கிறது?

ஃபாரடே கேட்ட விதத்தைக் கூட்டிப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

1. கேட்கும் முன் தன்னால் முடிந்ததைச் செய்து முடித்திருப்பார். டேவிக்குப் போன புத்தகமே சாட்சி.

2. "ஒன்றுமே புரியவில்லை" என்று கேட்கமாட்டார். எது புரிந்தது, எந்த இடத்தில் நிற்கிறேன் என்று சொல்லிக் கேட்பார்.

3. ஒரு கதவு திறக்காவிட்டால் அடுத்த கதவுக்குப் போவார், முதல் முறையைவிட நல்ல தயாரிப்போடு.

4. சொல்பவர் சின்னவரா பெரியவரா என்று பார்க்கமாட்டார்.

5. திருத்தச் சொல்லிவிட்டு, திருத்தினால் கோபப்படமாட்டார்.

இன்னொரு பக்கத்தையும் மறக்கக் கூடாது. கேட்பவர் எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கொடுப்பவர் வேண்டும். பணம் வாங்காத ரீபோ, ஷில்லிங் கொடுத்த ராபர்ட், சீட்டு வாங்கித் தந்த டான்ஸ், கூச்சமில்லாமல் திருத்திய மக்ரா... இவர்களில் ஒருவர் "உனக்கெதற்கப்பா இதெல்லாம்?" என்று சொல்லியிருந்தாலும் கதை வேறு மாதிரி போயிருக்கலாம். பேங்க்ஸ் வீட்டு வாசலோடு நின்றுபோன ஃபாரடேக்கள் எத்தனை பேரோ, அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆகவே அடுத்த முறை புள்ளியியல் வகுப்பிலோ கம்ப்யூட்டர் லேபிலோ பாதியில் நின்றுவிட்டால், எதுவரை புரிந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். பக்கத்து பெஞ்சிலிருந்து ஒருவர் அப்படி வந்து உங்களிடம் கேட்டால், சிரிக்காமல் நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் கொடுங்கள்.